கறுப்புக்குப் பிறந்த செவலை

நேயர்களுக்கு வணக்கம்.

கறுப்புப் பசு, கறுப்புப் பொலிகாளை. இரண்டுக்கும் பல தலைமுறை வம்சாவளிச் சான்று கையில் இருக்கிறது. பசு ஈனுகிறது, கன்று செவலை. பண்ணைக்காரரின் முதல் சந்தேகம் வேலியின் பக்கம் போகும்: பக்கத்துக் காளை எப்போது தாண்டி வந்தது? அடுத்த சந்தேகம் காளையை விற்றவர் மீது. பிறகு, வெளியே தெரிந்தால் பண்ணையின் பெயர் கெட்டுவிடும், கன்றைச் சத்தமில்லாமல் கழித்துவிடலாம் என்ற எண்ணம் வரும். கால்நடை மரபியலைக் கற்பிக்கிறவன் என்ற முறையில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இந்தக் கடைசி எண்ணம்தான். அந்தக் கன்று எந்தக் கலப்பும் இல்லாத தூய இனக் கன்றாகவே இருக்கலாம். இறைச்சி மாட்டினங்களில் நிறத்துக்கும் தூய்மைக்கும் உள்ள உறவைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

மாட்டின் மயிரில் இரண்டே நிறமிகள் உண்டு. யூமெலனின் கறுப்பு தரும். ஃபியோமெலனின் சிவப்பு தரும். எதை உருவாக்குவது என்று நிறமிச் செல்லுக்கு உத்தரவு போவது எம்.சி.1.ஆர். என்ற மரபணு வழியாக. 1995-இல் நார்வே ஆய்வாளர்கள் மாட்டில் இதைத் தெளிவுபடுத்தினார்கள். இந்த மரபணுவுக்கு மூன்று முக்கிய வடிவங்கள் உண்டு. ஒன்று கறுப்பை ஓங்கச் செய்வது. இன்னொன்று பழைய காட்டு மாட்டின் வடிவம். மூன்றாவதில் மரபணுக் குறியீட்டின் ஒரே ஓர் எழுத்து விடுபட்டுப்போயிருக்கிறது. அதனால் உத்தரவு செல்லைச் சென்றடைவதில்லை, மயிர் சிவந்துவிடுகிறது. இந்தச் சிவப்பு ஒடுங்குபண்பு. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றும் வந்து சேர்ந்தால்தான் வெளியே தெரியும். ஒன்று மட்டும் வந்தால் மாடு கறுப்பாகவே இருக்கும்; ஆனால் உள்ளே சிவப்பைச் சுமந்துகொண்டிருக்கும். அப்படிச் சுமக்கும் இரண்டு கறுப்பு மாடுகள் சேர்ந்தால், ஒவ்வொரு ஈற்றிலும் செவலைக் கன்று பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு. ஆகவே பழியைக் காளையின் மீது மட்டும் போடுவது நியாயமில்லை. பெற்றோர் கறுப்பாக இருந்து கன்று செவலையானால், பசுவும் அதில் சரிபாதி.

ஸ்காட்லாந்தில் உருவான ஆங்கஸ் இனத்தில் இந்தச் சிவப்பு தொடக்கத்திலிருந்தே இருந்தது. 1862-இல் அங்கே அந்த இனத்துக்கு முதல் பதிவேடு அச்சானபோது கறுப்புதான் பெரும்பான்மை. செவலையை யாரும் அந்நியம் என்று கருதவில்லை. பிரிட்டனிலும் கனடாவிலும் இன்றும் கறுப்பு ஆங்கஸும் சிவப்பு ஆங்கஸும் ஒரே பதிவேட்டில்தான் இருக்கின்றன. அமெரிக்கா வேறு வழியில் போயிற்று. அங்கே 1917-இல் சிவப்புக் கன்றுகளைப் பதிவதில்லை என்று இனச்சங்கம் முடிவெடுத்தது. அதன் பிறகு கறுப்புப் பண்ணைகளில் பிறந்த செவலைகளைச் சிலர் தேடித்தேடிச் சேர்த்தார்கள். 1954-இல் தங்களுக்கென்று தனிச் சங்கம் அமைத்துத் தனிப் பதிவேடு தொடங்கினார்கள். ஒரே தாய், ஒரே தந்தை, ஒரே ரத்தம். ஒரு நாட்டில் பதிவுபெற்ற ஆங்கஸ். இன்னொரு நாட்டில் அதே பெயருள்ள பதிவேட்டில் இடமில்லை. மாட்டின் உடம்பில் எதுவும் மாறவில்லை. மாறியது மனிதர்கள் கூட்டம் போட்டு எழுதிய விதி.

அந்த விதியால் சிவப்பு ஒழிந்ததா என்றால், இல்லை, ஒழியவும் முடியாது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மந்தையில் 100 கன்றுக்கு ஒன்று செவலையாகப் பிறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இனச்சேர்க்கை இயல்பாக நடக்கும் மந்தையில், அதே நூற்றில் சுமார் 18 மாடுகள் வெளியே கறுப்பாகவும் உள்ளே சிவப்பைச் சுமந்துகொண்டும் இருக்கும். கண்ணில் பட்ட ஒன்றைக் கழித்துவிட்டு, படாத பதினெட்டை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்கிறோம். கண்ணை நம்பிக் களையெடுத்தால் இதற்கு முடிவே கிடையாது.

நிறமே இனத்தின் அடையாளம் என்பவர்களுக்கு ஷார்ட்ஹார்ன் இனத்தை எடுத்துக்காட்டுவது என் வழக்கம். மாடுகளுக்கென்று அச்சான இனப்பதிவேடுகளில் முதலில் வந்தது அந்த இனத்துக்குரியது. இங்கிலாந்தில் 1822-இல் வெளிவந்தது. அதில் சிவப்பும் உண்டு, வெள்ளையும் உண்டு, இரண்டு மயிரும் கலந்த ரோன் நிறமும் உண்டு. சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்தால் கன்றுகள் ரோன் ஆகும். ரோனையும் ரோனையும் சேர்த்தால் நான்கில் ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை, இரண்டு ரோன் என்ற கணக்கில் பிறக்கும். ஒரே பெற்றோருக்கு மூன்று நிறப் பிள்ளைகள். மூன்றும் தூய இனம். ஹைலேண்ட் மாடுகளிலும் கறுப்பு, சிவப்பு, மஞ்சள், சாம்பல் எல்லாம் ஒரே பதிவேட்டில் அமைதியாக இருக்கின்றன.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைக் குறைவாகவே பேசுகிறோம். எதிர்பார்த்த நிறத்தில் பிறந்த கன்று தூயது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. சிமெண்டால் ஐரோப்பாவில் செம்மஞ்சளும் வெள்ளையும் கலந்த இனம். லிமோசின் பொன்னிறச் சிவப்பு. அமெரிக்காவில் இந்த இரண்டிலும் கறுப்பு மாடுகள் ஏராளம். அந்தக் கறுப்பு பெரும்பாலும் ஆங்கஸ் வழியாக வந்தது. ஆங்கஸ் பசுவைச் சிமெண்டால் காளையோடு சேர்த்தால் கன்றில் பாதி சிமெண்டால். அந்தக் கன்று வளர்ந்ததும் மீண்டும் சிமெண்டாலோடு சேர்த்தால் அடுத்த தலைமுறையில் முக்கால். அதற்கடுத்து எட்டில் ஏழு. அந்த அளவை எட்டியதும் அமெரிக்க சிமெண்டால் சங்கம் தூய இனம் என்று பதிகிறது. மூதாதையர் அனைவரும் ஐரோப்பிய மூல மந்தையைச் சேர்ந்தவை என்றால் அதற்கு முழுரத்தம் என்று தனிப்பிரிவு வைத்திருக்கிறார்கள். கறுப்பு ஓங்குபண்பு என்பதால், ஒவ்வொரு தலைமுறையிலும் கறுப்புக் கன்றையே தேர்ந்தெடுத்துவந்தால் மற்ற ஆங்கஸ் மரபணுக்கள் கரைந்துபோனாலும் நிறம் மட்டும் தங்கிவிடும். இதில் மோசடி எதுவும் இல்லை; எல்லாம் பதிவேட்டில் வெளிப்படையாக இருக்கிறது. கறுப்பை விரும்பியதற்குக் காரணம் சந்தை. 1978-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆங்கஸ் இறைச்சி முத்திரைத் திட்டத்தில் நுழைய, மாட்டின் தோல் பாதிக்குமேல் கறுப்பாக இருக்க வேண்டும். வம்சாவளிச் சான்று கேட்பதில்லை. கறுப்புக்கு விலை வந்ததும் மற்ற இனங்களும் கறுத்தன. நிறத்தைப் பார்த்துத் தூய்மையை முடிவு செய்வது, வீட்டுச் சுவரின் வண்ணத்தைப் பார்த்துப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று சொல்வதற்கு ஒப்பானது.

எதிர்பாராத நிறம் ஒரு புதிய இனத்துக்கே வித்திட்ட கதை ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். ஆஸ்திரேலியாவில் மேல் மர்ரே ஆற்றங்கரையில் தொலகொலாங் என்ற பண்ணை. உரிமையாளர்கள் சதர்லண்ட் குடும்பத்தினர். 1905-இலிருந்து அங்கே வெளிர்நிற ரோன் ஷார்ட்ஹார்ன் பசு ஒன்று, எந்தக் கறுப்பு ஆங்கஸ் காளையோடு சேர்த்தாலும் மயிலைக் கன்றையே ஈன்றுகொண்டிருந்தது. 1917-க்குள் அப்படிப் பன்னிரண்டு கன்றுகள். கறுப்பு மந்தைக்கு இழுக்கு என்று கழித்திருக்கலாம். வீட்டுப் பெண்மணி ஈவாவுக்கு அவற்றின் நிறம் பிடித்திருந்ததால் தப்பின என்று சொல்வார்கள். பின்னாளில் பார்த்தால் அவை நன்றாக எடை கூடின. இறைச்சியும் தரமாக இருந்தது. 1962-இல் மர்ரே கிரே என்ற பெயரில் சங்கமே அமைந்துவிட்டது.

நிறம் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் அது மாட்டின் உடல்நலத்தையே தொடுகிறது. ஹெர்ஃபோர்டின் வெள்ளை முகம் அழகுதான்; ஆனால் கண்ணைச் சுற்றி நிறமி இல்லாத மாடுகளுக்குக் கடும் வெயிலில் கண் புற்றுநோய் வரும் ஆபத்து அதிகம். கண்ணோரம் சிவந்த வளையம் உள்ளவற்றைத் தேர்ந்தெடுப்பது அறிவுள்ள தேர்வு. வெப்பமான மேய்ச்சல் நிலத்தில் கறுப்புத் தோல் வெயிலை அதிகம் உள்வாங்கும். இன்னொன்றும் கவனிக்க வேண்டியது: சிமெண்டால் போன்ற இனங்களில் நிறத்தை வெளிறச் செய்யும் ஒரு மரபணு உண்டு. அதன் ஒரு பிரதியும் ஆங்கஸின் கறுப்பும் ஒரே கன்றில் சேர்ந்தால், மயிர் குட்டையாகச் சுருண்டு, வால் நுனியில் குஞ்சம் இல்லாமல் எலிவால் போலப் பிறக்கும் கன்றுகள் உண்டு. குளிரில் அவற்றின் வளர்ச்சி பின்தங்கக்கூடும். இப்படிப்பட்ட காரணத்துக்காக நிறத்தைப் பார்ப்பவரோடு எனக்குச் சண்டை இல்லை.

சரி, எதிர்பாராத நிறத்தில் கன்று பிறந்துவிட்டது. என்ன செய்வது? முதலில் படம் எடுத்து, பிறந்த தேதி, காது எண், பெற்றோர் எண் எல்லாவற்றையும் குறித்துவையுங்கள். கன்று, பசு, காளை மூன்றின் மயிரையும் வேரோடு பிடுங்கி மரபணுச் சோதனைக்கு அனுப்புங்கள். வேலி தாண்டிய காளை உண்மையிலேயே தந்தையாக இருக்கலாம். அதைச் சோதனைதான் சொல்லும், நிறம் சொல்லாது. பெற்றோர் உறுதியானால் உங்கள் சங்கத்தின் விதியைப் படியுங்கள். விதி இடம் தராவிட்டால் அந்தக் கன்று பதிவு பெறாது. ஆனால் அதை மறைக்காதீர்கள். அதே காளையின் விந்தை வாங்கும் அடுத்த பண்ணைக்கு அந்தச் செய்தி தேவை.

காளை சிவப்பைச் சுமக்கிறதா என்று அறிய முன்பெல்லாம் செவலைப் பசுக்களோடு சேர்த்துப் பார்ப்பார்கள். சுமக்கும் காளைக்கு வரிசையாக ஏழு கன்றுகளும் கறுப்பாகவே பிறக்கும் வாய்ப்பு 128-இல் ஒன்றுதான். அதனால் ஏழு கறுப்புக் கன்று கிடைத்தால் ஏறக்குறைய நம்பலாம். இப்போது ஒரு மயிர்க்கற்றை போதும். சுமக்கிறது என்று முடிவு வந்தாலும் நல்ல காளையை விற்க வேண்டியதில்லை. சிவப்பைச் சுமக்காத கறுப்புப் பசுக்களோடு மட்டும் சேர்த்தால் செவலைக் கன்று பிறக்கவே பிறக்காது. பிறக்கும் கன்றுகளில் சுமார் பாதி அந்த மரபணுவைச் சுமக்கும். அவற்றுள் மந்தைக்கு வைத்துக்கொள்ளும் கிடாரிகளை மட்டும் சோதித்தால் போதும்.

நன்றி, வணக்கம்.