வெட்டுப்புள்ளிக்குப் பிறகு

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளியானதும் எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சு: யார் பிள்ளைக்கு எந்தக் கம்பஸ்? வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமமொன்றில் ஒரு பிள்ளை தெரிவானால் சந்தியில் பதாகை கட்டுகிறோம். கட்டத்தான் வேண்டும். ஆனால் போய்ச் சேர்ந்த பிள்ளை அங்கே எப்படி இருக்கிறது என்று பிறகு கேட்பார் இல்லை.

பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் உள்ளவை. இது தேவையான ஏற்பாடு. என்றாலும் மாவட்டத்துக்கு உள்ளே இருக்கும் மேடுபள்ளம் இந்தக் கணக்கில் தெரியாது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை அங்கே வாவியைப் ‘பாதை’ என்னும் மிதவைப் படகில் ஏறித்தான் கடந்தோம். பாலம் வந்துவிட்டது; பௌதிகவியல் ஆசிரியர் இன்னும் வரவில்லை. வெல்லாவெளிப் பக்கத்துப் பிள்ளை விஞ்ஞானம் படிக்க ஆசைப்பட்டால் பதினாறு வயதிலேயே களுவாஞ்சிக்குடியிலோ நகரத்திலோ தங்க இடம் தேட வேண்டியிருக்கிறது. அம்பாறை மாவட்டத்து அளிக்கம்பையின் குறவர் சமூகப் பிள்ளைகளுக்கும் வாகரைக் கரையோர வேடர் சமூகப் பிள்ளைகளுக்கும் உயர்தர வகுப்பே எட்டாத தூரம். அனுமதியில் நீதி வேண்டும் என்று பேசுவோர் முதலில் இங்கிருந்து தொடங்கட்டும்.

இத்தனையையும் தாண்டி ஒரு மகள் தெற்கில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கிறது. கேட்டதைத் தமிழ் எழுத்தில் ஒலியாகவே கொப்பியில் குறித்துக்கொண்டு, இரவில் அகராதியோடு உட்கார்ந்து சொல் சொல்லாகப் பிரிக்கிறாள். விடுதி அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் ஒட்டப்பட்டிருக்கிறது. அதைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து, வாசித்துச் சொல்லக்கூடியவருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறாள். பதில் வருவதற்குள் விண்ணப்ப முடிவுத் திகதி போய்விடுகிறது. இவளிடம் திறமைக் குறைவு எங்கே இருக்கிறது? தமிழும் அரச கருமமொழி என்று அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. அதை அறிவித்தல் பலகைவரை கொண்டுபோவது பெரிய செலவுள்ள வேலையும் அல்ல.

மூத்த மாணவர்கள் செய்யும் பகிடிவதைதான் புதியவர்களை ஒன்றுசேர்க்கிறது என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். நான் அதை ஒருபோதும் ஏற்கமாட்டேன். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் குற்றமென்கிறது. மொழி தெரியாத பிள்ளைக்கு அந்த வதை இரட்டிப்பாகிறது. முறையிடுவதற்கும் மொழி வேண்டுமே.

இப்போது எங்கள் பக்கம் திரும்புகிறேன். 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக வந்தாறுமூலையில் தொடங்கி 1986இல் முழுப் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குத் தெற்கிலிருந்து சிங்களப் பிள்ளைகள் வருகிறார்கள். ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் வருகிறார்கள். இந்த ஊர்களில் சிறுபான்மையினர் அவர்கள். செங்கலடிச் சந்தையில் மரக்கறி விலை கேட்கவே தடுமாறும் அந்தப் பிள்ளைக்கு நாங்கள் என்ன செய்கிறோம்? எங்கள் மகளுக்கு அங்கே எதைக் கேட்கிறோமோ, அதை இங்கே நாங்கள் செய்தாக வேண்டும். கேட்கும் உரிமை எங்களுக்கு அப்போதுதான் முழுமையாகும்.

உயர்தரப் பரீட்சைக்கும் பல்கலைக்கழகம் தொடங்குவதற்கும் இடையில் மாதக்கணக்கில் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பிரதேச நூலகங்களில் ஆங்கிலமும் பேச்சுச் சிங்களமும் மாலை வகுப்பாக நடத்தலாம். விடுமுறையில் ஊர் வரும் பல்கலைக்கழக மாணவர்களே கற்பிக்கலாம். தம்பி, தங்கைமாரே, இந்த விடுமுறையில் உங்கள் ஊரில் புதிதாகத் தெரிவானவர்களின் வீட்டுக்கு ஒருமுறை போய்வாருங்கள். மகாபொல புலமைப்பரிசில் விண்ணப்பத்துக்கு எந்தப் பத்திரம் வேண்டும், எந்த அலுவலகத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். உங்கள் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

வணக்கம்.