பதினான்காயிரம் அங்கிகளும் ஒரு பழைய ஆணையும்

அவைத் தலைவர் அவர்களே, கலை ஆர்வலர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சில நாள்கள் மட்டும் நின்றுவிட்டுக் கழற்றப்படும் பொதுவெளிச் சிற்பத்தைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். 2016 பிப்ரவரியில், ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில், ஜென்டார்மன்மார்க்ட் என்னும் சதுக்கத்தில் சீனக் கலைஞர் அய் வெய்வெய் அமைத்த நிறுவலை இன்றைய பேச்சுக்கு எடுத்துக்கொள்கிறேன். அதன் வலிமையில் பெரும்பங்கு அது நின்ற இடத்திலிருந்து வந்தது என்பதும், அந்த இடத்தின் கதையைக் கலைஞர் பாதிதான் பயன்படுத்திக்கொண்டார் என்பதும் என் கருத்து.

முதலில் அங்கே இருந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். சதுக்கத்தின் நடுவே, கட்டடக் கலைஞர் ஷிங்கெல் வடிவமைத்து 1821இல் திறக்கப்பட்ட நாடக அரங்கு, இன்று இசையரங்காக நிற்கிறது. அகன்ற படிக்கட்டும் கிரேக்கக் கோயிலை நினைவூட்டும் தூண் வரிசையும் கொண்ட கட்டடம் அது. அந்தத் தூண்களை அடியிலிருந்து உச்சி வரை சுமார் 14,000 உயிர்காப்பு அங்கிகளால், அதாவது லைஃப் ஜாக்கெட்டுகளால், போர்த்தினார்கள். முகப்பில் ஒரு ரப்பர்ப் படகைத் தொங்கவிட்டு, பாதுகாப்பான வழி வேண்டும் என்ற கோரிக்கையை அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். தொலைவிலிருந்து பார்ப்பவருக்குக் குளிர்காலத்துச் சாம்பல் நிறக் கல்லின்மேல் திரண்ட செம்மஞ்சள் நிறம்தான் தெரியும். அருகே போனால் நிறம் பின்வாங்கிக் கறுப்பு நாடாக்களும் பிளாஸ்டிக் கொக்கிகளும் கண்ணில் படும். ஒவ்வோர் அங்கியும் யாரோ ஒருவர் நெஞ்சில் இறுக்கிக் கட்டி, கரையேறியதும் அவிழ்த்து எறிந்தது என்பது அப்போதுதான் உறைக்கும்.

இவை கடையில் வாங்கி வந்தவை அல்ல. கிரேக்கத்தின் லெஸ்பொஸ் தீவில் மலைபோல் குவிந்து கிடந்தவற்றிலிருந்து அத்தீவின் நகராட்சி தந்தவை. 2015ஆம் ஆண்டில் மட்டும் கடல் வழியே ஐரோப்பாவுக்கு வந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். அவர்களில் ஏறத்தாழ எட்டரை லட்சம் பேர் துருக்கிக் கரையிலிருந்து கிரேக்கத் தீவுகளுக்கு வந்தார்கள். அதே ஆண்டில் மத்தியதரைக் கடலில் இறந்தவர்களும் காணாமற்போனவர்களும் 3,700க்கு மேல். அங்கி அணிந்தவர் எல்லாரும் பிழைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. 2016 ஜனவரியில் துருக்கியின் இஸ்மிர் நகரில் காவல்துறை ஒரு பட்டறையைச் சோதனையிட்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட போலி அங்கிகள் பிடிபட்டன. மிதக்க வைக்க வேண்டிய உள்நிரப்பு தண்ணீரை உறிஞ்சிக் கனக்கும் மட்டமான பொருளாக இருந்தது. உயிர்காக்கும் என்று நம்பி வாங்கியதே ஆளைக் கீழே இழுக்கும்.

துருக்கிக் கரைக்கும் லெஸ்பொஸுக்கும் இடையே குறுகலான இடத்தில் சுமார் பத்துக் கிலோமீட்டர்தான். அன்றாடம் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பயணப் படகுகள் அங்கே உண்டு. அவற்றில் செலவாகும் பணத்தைப் போலப் பல மடங்கைக் கடத்தல்காரரிடம் கொடுத்து, நள்ளிரவில் குழந்தைகளோடு ரப்பர்ப் படகில் ஏறுபவர்கள் அறியாமையால் ஏறுவதில்லை. விசா இல்லாதவரை ஏற்றி வரும் விமான, கப்பல் நிறுவனங்கள் அவரைத் தம் செலவில் திருப்பிக் கொண்டுபோக வேண்டும், அபராதமும் கட்ட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டு நெறிமுறை. ஆகவே ஏறும் துறையிலேயே கதவு அடைபட்டுவிடுகிறது. புகலிடம் கேட்கும் உரிமை கரையில் இருக்கிறது; கரைக்கு வரும் வழி மட்டும் இல்லை. படகில் எழுதப்பட்டிருந்த கோரிக்கையின் பொருள் இதுதான்.

இனி அந்தச் சதுக்கத்துக்கு வருவோம். இசையரங்குக்குப் பக்கவாட்டில் ஒரு பிரெஞ்சுத் தேவாலயம் இருக்கிறது. 1685இல் பிரான்சின் பதினான்காம் லூயி மன்னர், ஹியூகனாட்டுகள் எனப்பட்ட சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு இருந்த வழிபாட்டு உரிமையைப் பறித்தார். நாட்டை விட்டு வெளியேறவும் அவர்களுக்குத் தடை. எல்லையில் பிடிபட்ட ஆண்களைக் கப்பலில் துடுப்பு வலிக்க அனுப்பினார்கள். சில நாள்களிலேயே பெர்லினைத் தலைநகராகக் கொண்டிருந்த பிராண்டன்பர்க் நாட்டின் ஆட்சியாளர் ஃபிரடெரிக் வில்லியம் போட்ஸ்டாம் ஆணையைப் பிறப்பித்து, தப்பி வருவோருக்குத் தம் நாட்டைத் திறந்துவிட்டார். வரிவிலக்கு, வீடு கட்டப் பொருள், தம் மொழியிலேயே வழிபாடு என்று அதில் பல சலுகைகள் உண்டு. என்னைப் பெரிதும் ஈர்ப்பது அவற்றுக்கு முந்திய பகுதி: ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து சேர்பவர்களுக்குத் தம் தூதரே கப்பலும் உணவும் கொடுத்து ஹாம்பர்க் வரை அனுப்பிவைப்பார் என்று ஆட்சியாளர் உறுதி கூறியிருந்தார். அவர் வள்ளல் அல்லர். முப்பதாண்டுப் போரில் ஆளொழிந்து கிடந்த நாட்டுக்குக் கைத்தொழில் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். நோக்கம் எதுவாயினும், அகதி வந்து சேர வேண்டிய வழியும் அரசின் பொறுப்பே என்று அந்த ஆணை ஏற்றுக்கொண்டது. சுமார் 20,000 பேர் வந்தார்கள். 1700 வாக்கில் பெர்லின்வாசிகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் பிரெஞ்சு அகதி. அவர்களுக்காக 1701 முதல் 1705 வரை கட்டப்பட்டதுதான் அந்தத் தேவாலயம்.

ஆகவே 2016இல் ஒரு கட்டடம் ரப்பர்ப் படகைத் தாங்கிக் கேட்டதை, அதற்குப் பக்கத்துக் கட்டடத்தைக் கட்டியவர்கள் சுமார் 330 ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் பெற்றிருந்தார்கள். என் பார்வையில் அந்த நிறுவலின் உயிர்நாடி இது. ஆனால் நிறுவலில் அந்தத் தேவாலயத்தைச் சுட்டும் எதுவும் இல்லை.

(இதே நகரத்துக்கு நம்மவர்களும் வந்திருக்கிறார்கள் என்பதை இடையில் சொல்லத் தோன்றுகிறது. 1980களில் இலங்கைத் தமிழர் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலேறி மேற்குப் பகுதிக்குள் நுழைந்தார்கள். பிளவுண்ட நகரின் இரு பகுதிகளுக்கு இடைப்பட்ட எல்லையை மேற்குத் தரப்பு நாட்டெல்லையாக ஏற்காததால் அங்கே குடிநுழைவுச் சோதனை இல்லை. இரு அரசுகளின் பிணக்கில் திறந்திருந்த அந்தச் சந்தும் 1986இல் அடைபட்டது.)

நிறுவலை ஒட்டி நடந்த நிகழ்ச்சியையும் மறைக்கக் கூடாது. பெர்லின் திரைப்பட விழாக் காலத்தில், அந்த அரங்கில் நடக்கவிருந்த அறக்கொடை விருந்தை ஒட்டித்தான் இது அமைக்கப்பட்டது. விருந்துக்கு வந்த திரையுலகப் பிரமுகர்கள், கரையேறும் அகதிகளுக்குக் குளிர் தாங்கத் தரப்படும் பளபளப்பான தகட்டுப் போர்வைகளைப் போர்த்திக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார்கள். கடும் கண்டனம் எழுந்தது. கண்டனம் நியாயமானதே. வெளியே தூணில் இருந்த அங்கி, அணிந்தவரைக் காட்டாமலே அவரை நினைக்க வைத்தது. உள்ளே மின்னிய போர்வை, போர்த்திக்கொண்ட பிரமுகரை மட்டுமே காட்டியது.

அங்கிகள் இறக்கப்பட்டன. அடுத்த மாதம், மார்ச் 18 அன்று, ஐரோப்பிய ஒன்றியமும் துருக்கியும் உடன்பாடு செய்துகொண்டன. அனுமதியின்றித் தீவுகளுக்கு வருவோரைத் துருக்கிக்கே திருப்பி அனுப்புவது அதன் சாரம். அந்தக் கோடையில் வியன்னாவில் பெல்வெடேர் அரண்மனைக் குளத்தில், 1,005 அங்கிகளை ஐந்தைந்தாகச் சேர்த்துத் தாமரை வடிவில் அய் வெய்வெய் மிதக்கவிட்டார். பார்வைக்கு அது பெர்லின் நிறுவலைவிட அழகானது. இருந்தும் அகதிகளின் அங்கிகளை அரண்மனைக் குளத்துப் பூக்களாக்கியதில் அந்தக் கோரிக்கை கரைந்துபோனது என்றே நான் கருதுகிறேன்.