பார்படாஸ் நூல் பாம்பு கிடைத்துவிட்டது! ஆனால் அது உங்கள் பூந்தொட்டிப் பாம்பு இல்லை

வணக்கம் மக்களே! இன்று தோட்டம் கிடையாது, பாம்புதான். பார்படாஸ் நூல் பாம்பு திரும்பக் கிடைத்துவிட்டது! கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் கண்ணில் படாமல் இருந்தது, 2025 மார்ச்சில் மர வேருக்கடியில் மாட்டியிருந்த ஒரு கல்லுக்குக் கீழே இருந்திருக்கிறது. உலகிலேயே மிகச் சிறிய பாம்பு.

எவ்வளவு சிறியது என்று காட்ட, 10.4 சென்டிமீட்டருக்கு ஓர் இடியாப்ப இழையை வெட்டினேன். 2008இல் விவரிக்கப்பட்ட பாம்பின் நீளம் அது. அதை இந்த ஐந்து ரூபாய் நாணயத்தின் மேல் சுருட்ட வேண்டும். நான்கு முறை உடைந்தது. மாவை இன்னும் இளக்கமாகப் பிசைந்து, பிழிந்து, வெந்ததும் சூட்டோடு சுருட்டினேன். ஐந்தாவது முறை நின்றுவிட்டது! பாருங்கள், நாணயத்துக்கு வெளியே ஒரு நுனிகூட வரவில்லை. காலை முழுக்கப் போனாலும் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வீடியோவுக்குப் பிறகு, "எங்கள் தொட்டியிலும் இது இருக்கிறது" என்று எத்தனை படங்கள் அனுப்பினீர்கள்! அது புழுப் பாம்பு. இரண்டையும் ஒன்று என்று சொன்னால் எனக்குத் தாங்காது. புழுப் பாம்புக்கு உடலைச் சுற்றி 20 வரிசைச் செதில்கள், பல் மேல் தாடையில். நூல் பாம்புக்கு 14 வரிசை, பல் கீழ்த் தாடையில் மட்டும். முதுகில் மங்கிய மஞ்சள் கோடுகளும் உண்டு. செடித் தொட்டிகளோடு புழுப் பாம்பு பார்படாஸுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதனால்தான் கண்டெடுத்தவர்களும் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்த பிறகே உறுதி செய்தார்கள்.

பார்படாஸ் நூல் பாம்பின் பேரினம் டெட்ராகைலோஸ்டோமா. ஜான் என்பவர் 1861இல் வைத்த பெயர். பிறகு அதை லெப்டோடிஃப்ளாப்ஸ் என்ற இன்னொரு பேரினத்தின் பெரிய மூட்டைக்குள் போட்டுக் கட்டிவிட்டார்கள். 2009இல் டிஎன்ஏவை ஒப்பிட்டு மூட்டையைப் பிரித்தபோது பழைய பெயர் மீண்டது. மார்ட்டினிக், செயின்ட் லூசியா, பார்படாஸ்: தீவுக்கு ஓர் இனம், மொத்தமே மூன்று. எனக்கு மிகவும் பிடித்த பேரினம் இதுதான்.

அட, முக்கியமானதை விட்டுவிட்டேன். 2008இல் அமெரிக்க உயிரியலாளர் பிளேர் ஹெட்ஜஸ் பெயர் வைப்பதற்கு முன்பே பார்படாஸ் பாம்புகள் அருங்காட்சியக ஜாடிகளில் இருந்தன, மார்ட்டினிக் இனத்தின் பெயரோடு! தப்பான லேபிள் என்றால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

இன்னொன்று. புழுப் பாம்பில் எல்லாமே பெண், ஆண் இல்லாமலே குட்டித் தலைமுறை வந்துவிடும். பார்படாஸ் பாம்புக்கு ஜோடி வேண்டும். அப்படியும் ஒரு தடவைக்கு ஒரே முட்டை. அந்தத் தீவில் பழைய காடு கொஞ்சம்தான் மிச்சம், அதற்குள்தான் இன்னொன்றைத் தேட வேண்டும்.