இன்னும் வரையாத காருக்கு ஒரு கையெழுத்து

(திரையில்: சிங்கப்பூர் ஃபார்முலா 1 இரவுப் பந்தயம். விளக்கு வெளிச்சத்தில், ஓரமாக உருண்டு வந்து நிற்கும் ஒரு மெக்லாரன் கார்.)

2012 செப்டம்பர் 23. மெக்லாரன் அணியின் டிரைவர் லூயிஸ் ஹாமில்டன் முதலிடத்தில் போய்க்கொண்டிருக்கிறார். பாதிப் பந்தயம்கூட முடியவில்லை, கியர்பாக்ஸ் போய்விடுகிறது. காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கி நடக்கிறார். ஐந்தாவது நாள் அறிவிப்பு வருகிறது: அடுத்த சீசனில் இருந்து அவர் மெர்சிடிஸ் அணிக்கு.

அன்றைக்குச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். பின்னே? மெக்லாரன் அந்த சீசனில் மட்டும் 7 பந்தயங்களை வென்ற அணி. மெர்சிடிஸ் 2010-ல் சொந்த அணியாகத் திரும்பி வந்த பிறகு வென்றது மொத்தமே ஒன்று. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாரே, காசுக்குத்தான் போகிறார் என்று தீர்ப்பு எழுதிவிட்டோம்.

அப்புறம் நடந்தது தெரியும். மெர்சிடிஸில் அவர் 6 சாம்பியன் பட்டம் வென்றார். மெக்லாரனோ, 2012-ன் கடைசிப் பந்தயத்தை வென்றதோடு சரி, அடுத்த வெற்றிக்கு 2021 வரை காத்திருந்தது.

நாம் எங்கே தப்புக் கணக்குப் போட்டோம்? நாங்கள் பார்த்தது 2012-ன் காரை. கையெழுத்துப் போடுகிறவருக்கு அந்தக் கார் கிடைக்கப் போவதே இல்லை. அவர் ஓட்டப் போகும் கார் பல சமயம் இன்னும் வரையப்பட்டுக்கூட இருக்காது. அதனால் அவர் பார்ப்பது வேறு இரண்டு விஷயங்களை: விதிகள் எப்போது மாறுகின்றன, அதற்கு யார் இப்போதே தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். 2014-ல் வி8 இன்ஜின் போய் 1.6 லிட்டர் டர்போ ஹைபிரிட் வருகிறது என்பது 2012-லேயே எல்லோருக்கும் தெரியும். மெர்சிடிஸ் தன் இன்ஜினைத் தானே செய்கிற அணி. மெக்லாரன் அதே மெர்சிடிஸிடம் இன்ஜின் வாங்கி ஓட்டிய அணி. இதைத்தான் மெர்சிடிஸ் அணித் தலைவர் ராஸ் பிரானும், அவர்கள் பக்கம் இருந்த முன்னாள் சாம்பியன் நிக்கி லாடாவும் ஹாமில்டனிடம் எடுத்துச் சொன்னார்கள்.

அதே ராஸ் பிரான் இன்னொரு பழைய கதையிலும் வருவார். 1996-ல் மைக்கேல் ஷூமாக்கர், இரண்டு பட்டங்களோடு பெனட்டனை விட்டு ஃபெராரிக்குப் போனார். 1979-க்குப் பிறகு ஒரு டிரைவர் பட்டம்கூடப் பார்க்காத ஃபெராரி. கொஞ்ச நாளில் பிரானும், கார் வடிவமைப்பாளர் ரோரி பர்னும் பெனட்டனில் இருந்து அவர் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள். அப்படியும் முதல் பட்டம் வந்தது 2000-ல்தான். ஐந்தாவது சீசன்!

(திரையில்: அலோன்சோவின் ஹெல்மெட்டுகள், அணி வாரியாக.)

சரி, எதிர்ப்பக்கம் பார்ப்போம். ஃபெர்னாண்டோ அலோன்சோ. 2007-ல் மெக்லாரன் போனார், ஒரே ஒரு புள்ளியில் பட்டம் போனது. ஃபெராரியில் ஐந்து வருடம், அதில் மூன்று முறை இரண்டாம் இடம். இலவு காத்த கிளிதான். வெறுத்துப்போய் 2015-ல் திரும்பவும் மெக்லாரனுக்குப் போனால், அங்கே ஹோண்டா இன்ஜின் ஓடவே மறுத்தது. திறமையில் குறை சொல்ல ஆள் கிடையாது. போன இடமெல்லாம் ஒன்று சீக்கிரம், இல்லை தாமதம்.

அவரே 2022-ல் ஒரு பெரிய களேபரத்தையும் தொடங்கி வைத்தார். ஜூலை 28-ல் செபாஸ்டியன் வெட்டல் ஓய்வை அறிவித்தார். ஆகஸ்ட் 1-ல், காலியான அந்த ஆஸ்டன் மார்ட்டின் இடத்துக்கு அலோன்சோ வருவதாக அறிவிப்பு. அவரது அணியான ஆல்பைனின் தலைவருக்கே செய்தியைப் பார்த்துத்தான் உறுதியானது! மறுநாள் ஆல்பைன், எங்கள் ரிசர்வ் டிரைவர் ஆஸ்கர் பியாஸ்ட்ரி ஓட்டுவார் என்றது. சில மணி நேரத்தில் பியாஸ்ட்ரி, நான் ஓட்டமாட்டேன் என்று பதில் போட்டார். அவர் அதற்குள் மெக்லாரனில் கையெழுத்துப் போட்டிருந்தார். பஞ்சாயத்து, டிரைவர் ஒப்பந்தச் சண்டைகளைத் தீர்க்கும் ஒப்பந்த அங்கீகார வாரியத்துக்குப் போய், செப்டம்பர் 2-ல் மெக்லாரன் பக்கம் தீர்ப்பானது.

அந்தச் சங்கிலியில் இடம் இழந்தவர் டேனியல் ரிக்கார்டோ. ரெட் புல்லில் பந்தயங்களை வென்றவர், மெக்லாரனில் ஏன் திணறினார்? பிரேக்கில். பிரேக்கை விட்டபடியே வளைவுக்குள் நுழைகிற அந்த ஒரு கணத்தில், அவர் கை பழகிய பாணியும் அந்தக் காரின் குணமும் ஒத்துப்போகவே இல்லை. இதில் வேடிக்கை, மெக்லாரனின் 2021 வெற்றி என்று சொன்னேனே, மான்ஸாவில் அதை வாங்கிக் கொடுத்தவரே இவர்தான்.

(திரையில்: நுரை ஊற்றிய பையின் மேல் உட்கார்ந்திருக்கும் டிரைவர்.)

கார் எவ்வளவு தூரம் ஆளுக்கு அளவெடுத்த சட்டை என்பதற்கு இந்த சீட்டைப் பாருங்கள். ரசாயனக் கலவை ஊற்றிய பையின் மேல் டிரைவர் உட்காருவார். நுரை பொங்கி, இடுப்பு, விலா, முதுகின் வளைவு என எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டு இறுகும். அந்த அச்சில் இருந்துதான் கார்பன் ஃபைபர் சீட். 2020-ல் கோவிட் வந்த ஹாமில்டனுக்குப் பதிலாக பஹ்ரைனில் ஜார்ஜ் ரஸல் ஓட்டினார். உயரமானவர். அந்தக் காருக்குள் கால் அடங்க, ஒரு சைஸ் சின்ன ஷூ போட்டுக்கொண்டு பந்தயம் முழுக்க ஓட்டினார்.

சீட்டை மாற்றிவிடலாம். பழக்கத்தை? 2025-ல் ஹாமில்டன் ஃபெராரிக்கு வந்தபோது பிரேக் தயாரிப்பாளரே வேறு. மெர்சிடிஸில் அதிகம் தொடாத இன்ஜின் பிரேக்கிங்கை (இன்ஜினின் இழுவையாலேயே வேகத்தைக் குறைப்பது) இங்கே நிறையப் பயன்படுத்த வேண்டியிருந்தது. இரண்டாவது வாரமே சீனாவில் ஸ்பிரிண்ட் எனும் குறும்பந்தயத்தை வென்றார், கொண்டாடினோம். அதோடு முடிந்தது. முழு சீசனிலும் பிரதான பந்தயம் ஒன்றில்கூட முதல் மூன்று இடத்துக்குள் வந்து போடியம் ஏறவில்லை.

தோற்றுப்போன மாற்றம் என்று இப்போதே பலர் எழுதுகிறார்கள். 2012-ல் சிரித்த வாய் இது, நான் அவசரப்படுவதாக இல்லை. எனக்கு அந்த சீசனில் நினைவில் நிற்பது, முதல் பந்தயமான மெல்பர்ன். மழையில் ஹாமில்டன் முன்னால் இருக்கும் காரைத் துரத்துகிறார். காதில், ரேடியோவில் டிரைவருக்கு வழிசொல்லும் புது ரேஸ் இன்ஜினியர் அடாமி, முந்துவதற்கான மோடை விடாமல் நினைவூட்டுகிறார். தயவுசெய்து என்னை என் போக்கில் விடுங்கள் என்கிறார் ஹாமில்டன். கொஞ்ச நேரத்தில் ரேடியோவில் மறுபடியும் அதே நினைவூட்டல்.

மெர்சிடிஸில் அவரது ரேஸ் இன்ஜினியராக இருந்த 'போனோ' என்கிற பீட்டர் போனிங்டனுக்கு, எந்த வளைவில் வாயைத் திறக்கக் கூடாது என்று கற்றுக்கொள்ள 12 சீசன் இருந்தது. அடாமிக்கு அது முதல் ஞாயிற்றுக்கிழமை.