மோரும் வோரும்: ஐரிஷ் பெயரடைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

அயர்லாந்தின் தென்கரையில், வாட்டர்ஃபோர்டு பக்கம், டிராமோர் என்றோர் ஊர். மேற்கே அக்கில் தீவில் ஸ்லீவ்மோர் என்று 671 மீட்டர் உயர மலை ஒன்று. ‘மோர்’ என்றால் பெரிய; முதல் பெயருக்குப் பொருள் பெரிய கடற்கரை, அடுத்ததற்குப் பெரிய மலை. ஐரிஷில் பெயரடை பெரும்பாலும் பெயருக்குப் பின்னால்தான் வரும். ஆங்கில வரைபடத்தில் இரண்டுமே ‘மோர்’. ஐரிஷ் பேசுகிறவர் வாயிலோ மலை ‘ஷ்லீவ் மோர்’, கடற்கரை ‘த்ரா வோர்’. நாம் குடிக்கும் மோருக்கும் இதற்கும் உறவில்லை, பயப்படாதீர்கள்!

அந்த மொழியில் மலை ஆண்பால், கடற்கரை பெண்பால். ஒருமையில் பெண்பால் பெயரை அடுத்து வரும் பெயரடையின் முதல் மெய், இளகக்கூடியதாக இருந்தால் இளகிவிடும், அதாவது மென்மையாக ஒலிக்கும்; ‘மோர்’ ‘வோர்’ ஆனது அப்படித்தான். பழைய அச்செழுத்தில் இளகிய எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் ரோமன் எழுத்துக்கு மாறியபோது புள்ளி போய், பக்கத்தில் ‘எச்’ வந்து உட்கார்ந்துகொண்டது. ஐரிஷ் எழுத்துகளில் எங்கு பார்த்தாலும் எச் தெரிவது அதனால்தான்.

சரி, பெண்பால் என்றால் ‘வோர்’ என்று மனப்பாடம் செய்துகொள்ளலாமா? பன்மைக்கு வந்தால் அதுவும் கவிழ்கிறது. பெரிய ஆண்கள் ‘ஃபிர் வோரா’, பெரிய பெண்கள் ‘ம்னா மோரா’! ஈற்றில் ‘ஆ’ சேர்வது பன்மைக்காக. முதலெழுத்து இளகுவதற்கு இங்கே பால் கணக்கில்லை. ‘ஃபிர்’ என்பதன் கடைசி மெய் இகரச் சாயலோடு ஒலிப்பதால் அது அடுத்த சொல்லையும் இளக்கிவிடுகிறது. வேற்றுமை ஏற்கும்போது இன்னும் சில வடிவங்கள் உண்டு. ‘இன்னும் பெரிய’ என்று ஒப்பிட்டால் மோர் வெறும் ‘மோ’வாகச் சுருங்கும், ‘சிறிய’ என்ற ‘பெக்’கோ அடையாளமே தெரியாமல் ‘லூ’ ஆகிவிடும்.

எனக்குப் பிடித்த இடம் பயனிலை. நாம் நல்ல பையன், நல்ல பெண் என்று அடையை மாற்றாமல் சொல்வோம். பயனிலையில் நல்லவன், நல்லவள், நல்லவர்கள் என்று மாற்றுவோம். ஐரிஷில் நேர்மாறு. ‘தா’ என்ற வினையில் வாக்கியத்தைத் தொடங்கிப் பெயரடையைக் கடைசியில் வைத்தால், ஆணோ பெண்ணோ, ஒருவரோ பலரோ, எல்லாருக்கும் ஒரே ‘மோர்’. புதிதாகப் படிக்கிறவர் கொஞ்ச நாளைக்கு அப்படியே பேசிச் சமாளித்துக்கொள்ளலாம்.