வெள்ளை கவுனும் குறுக்குவில்லும்

நேயர்களுக்கு வணக்கம். 1997 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' என்ற தொடர் தொடங்கியது. கலிஃபோர்னியாவில் சன்னிடேல் என்று ஒரு கற்பனை ஊர். அங்கே பள்ளியில் படிக்கும் பதினாறு வயதுப் பெண் பஃபி, இரவில் கல்லறைத் தோட்டத்தில் ரத்தக் காட்டேரிகளை வேட்டையாடுவாள். பேய்ப்படங்களில் இருட்டுச் சந்துக்குள் போய் அநியாயமாகச் சாவாளே ஒரு பெண், அவள் திருப்பி அடித்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துத்தான் ஜாஸ் வீடன் இவளை உருவாக்கினார்.

சண்டை போடுகிற பெண் என்றாலே முகத்தை இறுக்கி, பேச்சைக் குறைத்து, அழுகையை எடுத்துவிடுவது திரையில் பழகிப்போன வழி. பஃபியிடம் அது இல்லை. அவளுக்கு அழகான காலணி வேண்டும், நடன விழா வேண்டும், காதலும் வேண்டும். அதனால் அவள் குத்தின் வேகம் குறைவதில்லை.

முதல் சீசனின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். தான் சாகப்போவதாக ஒரு முன்னறிவிப்பு இருப்பது அவள் காதில் விழுகிறது. புத்தகங்களைத் தூக்கி எறிகிறாள். "எனக்குப் பதினாறு வயசு, சாக விருப்பமில்லை" என்று அழுகிறாள். அப்புறம், விழாவுக்கென்று அம்மா வாங்கித்தந்த வெள்ளை கவுனைப் போட்டு, மேலே ஒரு தோல் ஜாக்கெட்டை மாட்டி, குறுக்குவில்லோடு எதிரியைத் தேடிப் போகிறாள். அந்த அழுகையை வெட்டியிருந்தால் அந்தத் துணிச்சலுக்கு மதிப்பே இருந்திருக்காது என்பேன்.

அடுத்த சீசனில் ஹாலோவீன் இரவு, எல்லோரும் வேஷம் போட்டுத் திரியும் பண்டிகை. பஃபியின் காதலன் ஏஞ்சல் ஒரு காட்டேரி, இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஆள். அந்தக் காலத்துச் சீமாட்டிகளைத்தான் அவனுக்குப் பிடிக்கும் என்று நினைத்து, அதே மாதிரி உடையை ஒரு கடையில் எடுக்கிறாள். மந்திரத்தால், அந்தக் கடையில் உடை எடுத்தவர்கள் எல்லோரும் தாங்கள் போட்ட வேஷமாகவே மாறிவிடுகிறார்கள். பஃபி காரைப் பார்த்துப் பேய் என்று அலறுகிறாள். கடைசியில் ஏஞ்சல் சொல்கிறான்: அந்தப் பெண்களை எனக்குப் பிடித்ததே இல்லை.

அதே கதையில் அவள் தோழன் சாண்டரும் இருக்கிறான். பள்ளியில் ஒரு முரடன் அவனை அடிக்க வர, பஃபி குறுக்கே புகுந்து காப்பாற்றுகிறாள். அவனுக்கு நன்றி வரவில்லை, கோபம்தான் வருகிறது. ஆண்பிள்ளை என்ற பேர் கெட்டுப்போனதாம்! பெண்ணுக்கு வீரம் தந்த தொடர், பையனுக்கு மென்மையைத் தர ரொம்பத் தயங்கியது. அந்தத் தயக்கம் எனக்கு வருத்தம்தான்.

ஆனால் முதல் சீசனின் அந்தக் கடைசிப் பகுதியில், எதிரியிடம் தோற்று நீரில் மூழ்கி பஃபியின் மூச்சு நின்றபோது, அவளை எழுப்பியது இதே சாண்டர். பக்கத்தில் நின்ற ஏஞ்சலும் காட்டேரிதான். அவனால் மூச்சு கொடுக்க முடியாது. சண்டையில் எதற்கும் உதவாத பையன் பயத்தோடு குனிந்து ஊதுகிறான். அவள் எழுந்து, மிச்சச் சண்டையை முடிக்கக் கிளம்பிவிடுகிறாள்.