யார் சொல்லி வந்தீர்கள், தம்பி?

(ஹட்டனில் தோட்ட இளைஞர்களுக்கான கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கடைசி பஸ்ஸை நினைத்து ஜன்னல் பக்கம் பார்ப்பவர்களை இங்கிருந்தே எனக்குத் தெரிகிறது. அதிக நேரம் எடுக்க மாட்டேன் என்று சொல்லித்தான் எல்லாப் பேச்சாளர்களும் தொடங்குவார்கள். அந்தப் பொய்யை நான் சொல்லப் போவதில்லை.

சில வருடங்களுக்கு முன் நான் பிறந்த தோட்டத்தில் ஓர் ஐப்பசி மழை. மூன்றாம் நாள் இரவு, மேல் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த மண்மேட்டிலிருந்து கலங்கல் தண்ணீர் ஊறத் தொடங்கியது. மலையில் வளர்ந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும்: மண் சரியப் போகிறது. பையன்கள் மண்வெட்டியும் கயிறும் இரண்டு டோர்ச் லைட்டுமாக ஓடினார்கள். வயதானவர்களைக் கம்பளியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய்க் கோயில் மண்டபத்தில் உட்கார வைத்தார்கள். விடிந்து வெயில் ஏறிய பிறகுதான் இராணுவ லொறி வந்தது. வந்த சிப்பாய்கள் நல்ல பிள்ளைகள். பாதையில் கிடந்த மண்ணை மளமளவென்று அள்ளினார்கள். வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஓர் அம்மாயி அவர்களில் ஒருவரிடம் கேட்டார்: "யார் சொல்லி வந்தீர்கள், தம்பி?" எங்கள் பையன் ஒருவன் அதைச் சிங்களத்தில் சொன்னான். சிப்பாய் சிரித்துக்கொண்டே, "மேலிடத்து ஓடர்" என்றார்.

அம்மாயிக்கு அந்தப் பதில் போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. அந்த மேலிடம் எது, எந்தச் சட்டத்தின் எந்த வரி அந்த லொறியை மலையேற்றியது என்று அன்று தேடத் தொடங்கினேன். தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சீருடை அணிந்தவர் நம் லயத்துக்கு வருவதற்குச் சட்டத்தில் ஒரு வழி மட்டும் இருப்பதாக எண்ணிவிடாதீர்கள். பழைய வழி, 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். அது பிறந்த வேளையைக் கவனியுங்கள். சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டு. பொது வேலைநிறுத்தம் நாட்டை உலுக்கிக்கொண்டிருந்த மாதங்கள். வெள்ளத்தையோ மண்சரிவையோ மனதில் வைத்து அதை யாரும் எழுதவில்லை. தொழிலாளியைப் பார்த்துப் பயந்த அரசு எழுதிய சட்டம் அது.

அதன் மூன்றாம் பாகத்தில் 12ஆவது பிரிவு இருக்கிறது. பொது ஒழுங்கைக் காக்கப் பொலிஸார் போதாது என்று ஜனாதிபதி கருதினால், வர்த்தமானியில் ஒரு கட்டளை போட்டு முப்படையினரை அழைக்கலாம். அப்படி வருகிறவருக்குப் பொலிஸாருக்குள்ள தேடுதல், கைது அதிகாரங்கள் வந்துவிடுகின்றன. மண்வெட்டியோடு வருகிற அதே சிப்பாய், இந்தக் கட்டளையின் கீழ் வந்தால், உங்கள் காம்பராவுக்குள், அதாவது லயத்து வீட்டுக்குள், நுழைந்து தேடவும் முடியும். கையில் இருப்பது மண்வெட்டிதானா என்று பார்த்தால் போதாது. சட்டைப்பையில் எந்தக் காகிதம் இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாம் பாகம் இன்னும் கனமானது. அதுதான் அவசரகால நிலை. பொதுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு ஆகியவற்றோடு, சமூக வாழ்வுக்கு இன்றியமையாத வழங்கல்களையும் சேவைகளையும் பேணுவதற்காகவும் அதைப் பிரகடனம் செய்யலாம். அனர்த்தம் அந்தக் கடைசிக் கதவு வழியாகத்தான் உள்ளே வருகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது அப்படித்தான் வந்தது. கண்டி, நுவரெலியா, பதுளை மலைகள் சரிந்தன, நாட்டில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், அரசாங்கம் அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தது. பாதை இல்லை, மின்சாரம் இல்லை, அரிசி வர வழியில்லை என்று கிடந்த அந்த நாட்களில் ஏதோ ஓர் அதிகாரத்தைக் கையில் எடுக்காமல் அரசாங்கம் இருந்திருக்க முடியாது. அதை நான் குறை சொல்ல வரவில்லை. எடுத்த ஆயுதத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அரசியலமைப்பின் 155ஆவது உறுப்புரைப்படி, அவசரகால ஒழுங்குவிதிகள் அரசியலமைப்பைத் தவிர வேறெந்தச் சட்டத்தையும் மீறி நடக்கலாம். ஆனாலும் அதற்குக் கடிவாளம் உண்டு. பதினான்கு நாட்களுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்காவிட்டால் பிரகடனம் செத்துப்போகும். நீதிமன்றத்தின் கை எட்டாது என்று பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் 2022 ஜூலையில் பதில் ஜனாதிபதியாக இருந்த ரணில் விக்கிரமசிங்க பிரகடனம் செய்த அவசரகால நிலை அடிப்படை உரிமைகளை மீறியது என்று, 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. அந்தத் தீர்ப்பை நம் தோட்ட நூலகங்களில் தமிழில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. எத்தனை தோட்டத்தில் நூலகம் இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

இனி இரண்டாவது வழி. சுனாமி 2004 டிசம்பர் 26இல் வந்தது. ஐந்து மாதத்துக்குள் பாராளுமன்றம் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தை நிறைவேற்றியது. பயந்து எழுதிய 1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அழுதுவிட்டு எழுதிய இந்தச் சட்டத்துக்கும் வேறுபாடு வாசிக்கும்போதே தெரியும். இதன்படி அமைந்த தேசிய பேரவைக்கு ஜனாதிபதி தலைவர், பிரதமர் உபதலைவர். எதிர்க்கட்சித் தலைவருக்கும் அதில் ஆசனம் உண்டு. அனர்த்த முகாமைத்துவ நிலையம் இந்தச் சட்டத்தின் பிள்ளைதான். நாம் அழைக்கிற 117 அவர்களுடைய எண். நாடு முழுவதையுமோ ஒரு பகுதியையோ அனர்த்த நிலைக்கு உட்பட்டதாக ஜனாதிபதி இதன் கீழ் பிரகடனம் செய்யலாம். உரிய அரச நிறுவனங்களைப் பணியில் இறக்கலாம்.

இந்தச் சட்டத்தில் நான் காதலிக்கிற சொல் ஒன்று உண்டு. அனர்த்தம் என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், நிகழ்ந்துவிட்ட சம்பவத்தோடு நிகழவிருக்கும் சம்பவத்தையும் அது சேர்த்துக்கொள்கிறது. மலை விழுந்தால்தான் அனர்த்தம் என்பதில்லை. விழப்போகிறது என்றாலே அனர்த்தம்தான். மண்சரிவு என்ற சொல் அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறது. ஆக, கலங்கல் தண்ணீர் ஊறிய அந்த இரவிலேயே சட்டம் விழித்துக்கொண்டிருந்தது. தூங்கியவர்கள் வேறு யாரோ.

பிறகு ஏன் பழைய சட்டத்தையே எடுக்கிறார்கள்? எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். 2005ஆம் ஆண்டுச் சட்டம் திட்டம் போடச் சொல்கிறது, பலரையும் உட்காரவைத்துப் பேசச் சொல்கிறது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் யாரையும் கேட்காமல் உடனே கையை நீட்ட விடுகிறது. தேயிலைச் செடியை வெட்டிப் பழகிய கவ்வாத்துக் கத்தி கையில் இருக்கும்போது புதிய கருவியை யார் தேடப்போகிறார்கள்? ஆனால் கவ்வாத்துக் கத்தியால் காயத்துக்குக் கட்டுப் போட முடியாது.

மலையகத்துக்காரன் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தோட்டத்துப் பாதையில் சீருடை ஏறி வந்த நாட்களெல்லாம் நமக்கு மீட்பு நாட்களாக இருந்ததில்லை. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸார் சுட்டு விழுந்தார். 1977 மே மாதத்தில் டெவன் தோட்டத்தில் சிவனு இலட்சுமணன் அதேபோல் சுடப்பட்டு விழுந்தார். அன்று மேலே வந்தவர்களும் "ஓடர்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அம்மாயியின் கேள்வி வெறும் வாய்ப்பேச்சு என்று நீங்கள் சிரித்தபோது எனக்கு இந்த இரண்டு பெயர்களும் நினைவுக்கு வந்தன.

சிவில் பாதுகாப்புத் திணைக்களம் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். உலகத்தில் சிவில் பாதுகாப்பு என்றால் தீயணைப்பு, மீட்பு, முதலுதவி, ஆயுதமில்லாத பணி. நம் நாட்டில் அந்தப் பெயரைத் தாங்கிய திணைக்களம் 2006இல் உருவானது. அதன் வேர் எண்பதுகளின் ஊர்காவல் படையில் இருக்கிறது. அந்தப் படை போருக்காக எழுந்தது. இன்று அதன் உறுப்பினர்கள் வெள்ளத்தில் இறங்கி மக்களைத் தூக்குகிறார்கள், அதற்கு நன்றி. பெயரைப் பார்த்து அதன் வேலையை ஊகித்துவிடாதீர்கள் என்பதற்காக மட்டும் சொன்னேன். இந்தியாவில் 1968ஆம் ஆண்டின் சிவில் பாதுகாப்புச் சட்டமும் போர்க்காலத்துக்காகவே பிறந்தது. பின்னர் அனர்த்த முகாமைத்துவத்தையும் சேர்த்து அதைத் திருத்தினார்கள். திருத்தம் என்பது அவ்வளவு பெரிய மலையல்ல.

சரி, கொழும்பில் கையெழுத்து விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது நம் லயத்துக்கு எப்படி வருகிறது? மாவட்டச் செயலாளர், பிரதேச செயலாளர், கிராம உத்தியோகத்தர் என்று இறங்கி வந்து தோட்டத்து கேட்டில் நின்றுவிடுகிறது. உள்ளே பாதை கம்பனியுடையது, லொறி கம்பனியுடையது, திறப்பு பெரிய துரையிடம், அதாவது தோட்ட முகாமையாளரிடம். பிரதேச சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிட முடியாது என்று பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆவது பிரிவைக் காட்டி முப்பது வருடம் நம்மை வாசலில் நிறுத்தினார்கள். 2018இல்தான் அதைத் திருத்தினார்கள். சட்டம் திருந்திவிட்டது, பழக்கம் திருந்தவில்லை.

மழை அளவுகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கையில், 24 மணிநேரத்தில் 75 மில்லிமீட்டர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 என்றால் வெளியேற வேண்டும், அதுதான் சிவப்பு எச்சரிக்கை. வெளியேறு என்று காகிதம் சொல்கிறது. காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் பதியும் இடத்துக்கு, போகாதே என்று யார் சொல்கிறார்கள்? போகாவிட்டால் பேர் விழாது, அன்றைய கூலி இல்லை. அரைப்பேருக்காக ஒரு பெண் அந்த மழையில் கொழுந்துக்கு ஏறுகிறாள். அவளைத் தடுக்கும் அதிகாரம் எவருடைய கடமையாகவும் எழுதப்படவில்லை. சிவப்பு எச்சரிக்கை நாளுக்குச் சம்பளத்தோடு பேர் போட வேண்டும் என்று எழுத்தில் ஒரு வரி கேட்போம். இராணுவத்தை அழைப்பதைவிட அது மலிவு.

கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2014 அக்டோபர் 29, காலை வேளை. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் உயிரோடு திரும்பி வந்தார்கள். வீடு இருந்த இடத்தில் சேறு இருந்தது. அந்த மலை ஆபத்தானது என்று பல வருடங்களுக்கு முன்பே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்ததாகச் செய்திகள் வந்தன. படையினர் வந்தார்கள், நாட்கணக்கில் தோண்டினார்கள். நிகழவிருக்கும் சம்பவம் என்ற சொல் சட்டத்தில் அப்போது ஒன்பது வயதுப் பிள்ளையாக இருந்தது.

கடைசியாக, நம் பையன்கள். அன்று இரவு கம்பளியோடு ஓடியவர்களில் ஒருவன் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டான். ஒரு சிப்பாய் விழுந்திருந்தால் அவருக்கு வைத்தியம், சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் இருந்திருக்கும். இவனுக்கு மூன்று மாதம் பேர் இல்லை, அவ்வளவுதான். அவன் யார் சொல்லி ஓடினான்? யாரும் சொல்லவில்லை. சட்டத்தின் கண்ணில் அவன் வேடிக்கை பார்க்கப் போனவன். ஒவ்வொரு தோட்டத்திலும் பத்துப் பேரின் பெயரைக் கிராம உத்தியோகத்தர் பிரிவின் அனர்த்தக் குழுவில் எழுத்தில் பதியச் செய்ய வேண்டும் என்று நான் கேட்பது அதற்காகத்தான்.

அதற்கான கடிதத்தைத் தயாரித்து வாசல் மேசையில் வைத்திருக்கிறேன். தமிழ்ப் பிரதி நீங்கள் வாசிப்பதற்கு. சிங்களப் பிரதியையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் உத்தியோகத்தருக்கு அதைத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். பெற்றுக்கொண்டதாகத் திகதியோடு கையெழுத்து வாங்காமல் திரும்பாதீர்கள். கடைசி பஸ் கிளம்ப இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது.